முதல் பிள்ளைக்கு முன்னால் ஒன்றுமில்லை

கருத்தடைச் சாதனங்களை இலவசமாகக் கொடுத்தால் பதின்வயதுக் கர்ப்பம் குறையுமா? குறையும் என்பதுதான் என் பதில். ஆனால் விலைச் சீட்டைக் கிழித்துப் போட்டால் மட்டும் குறைந்துவிடாது. தமிழ்நாட்டில் அதை எப்போதோ கிழித்தாயிற்று. ஆணுறை, மாலா-என் மாத்திரை, காப்பர்-டி, அந்தரா ஊசி, சாயா மாத்திரை எல்லாமே அரசு ஆஸ்பத்திரியில் காசில்லாமல் கிடைப்பவைதான். அப்படியிருந்தும் 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டின் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 6.3 சதவீதம் பேர் ஏற்கெனவே தாயாகியிருந்தார்கள், அல்லது வயிற்றில் பிள்ளையோடு இருந்தார்கள். அதற்கு முந்தைய கணக்கெடுப்பில் இது 5 சதவீதம். இந்தியா முழுக்கச் சேர்த்துப் பார்த்தால் 7.9இலிருந்து 6.8ஆக இறங்கியிருக்கிறது. நாம் ஏறியிருக்கிறோம். சுகாதாரத்தில் முன்னோடி மாநிலம் என்று மேடைக்கு மேடை சொல்லிக்கொள்கிற நாம்!

யார் இந்தப் பெண்கள்? பதின்வயதுக் கர்ப்பம் என்றதுமே நமக்கு ஸ்கூல் யூனிஃபார்மும் செல்போனும் காதலும்தான் ஞாபகம் வரும். டிவி விவாதம் முழுக்க அதைச் சுற்றித்தான் ஓடும். ஆனால் எண்ணிக்கையில் அதிகம் இருப்பவள் வேறொருத்தி. ப்ளஸ் டூ முடித்த கையோடு, சில நேரம் முடிக்காமலே, கழுத்தில் மஞ்சள் கயிறு ஏறியவள். அதே கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 20 முதல் 24 வயது வரையுள்ள பெண்களில் 12.8 சதவீதம் பேருக்கு 18 வயதுக்கு முன்பே கல்யாணம் ஆகியிருந்தது. அவளுக்கு யாரும் கருத்தடையைப் பற்றிப் பேசுவதில்லை. "முதல் பிள்ளையைத் தள்ளிப்போடக் கூடாது, அப்புறம் தங்காது" என்று மாமியார் சொல்வார், பெற்ற அம்மாவும் அதையேதான் சொல்வார். செவிலியரும் மறுத்து ஒன்றும் சொல்வதில்லை.

நம் குடும்ப நலத் திட்டம் கட்டப்பட்ட விதமே அப்படித்தான். இரண்டு பிள்ளை பெற்றதும் ஆபரேஷன், அத்தோடு முடிந்தது. தமிழ்நாட்டில் கல்யாணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். இரண்டாவது பிரசவம் முடிந்தவளைத் தேடிப் பிடிக்க ஆள் இருக்கிறது, ஊக்கத்தொகை இருக்கிறது, ரிஜிஸ்டரில் தனிப் பத்தியே இருக்கிறது. 18 வயதில் கல்யாணமாகி, இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் என்று நினைக்கிறவளுக்கு என்று ஒரு கதவும் இல்லை.

நான் ஒரு சின்ன டவுனில் மருந்துக்கடை நடத்துகிறேன். கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தால் இந்த ஊரின் கூச்சம் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பது தெளிவாகத் தெரியும். ஆடி மாதம் வந்தால் போதும், பெண்கள் கூட்டமாக வந்து சத்தமாகவே கேட்பார்கள்: "அக்கா, தள்ளிப்போறதுக்கு மாத்திரை கொடுங்க, வெள்ளிக்கிழமை கூழ் ஊத்தறோம்." அந்த மாத்திரையின் பெயர் நோரெதிஸ்டிரோன். அதுவும் ஹார்மோன் மாத்திரைதான், டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாதது. சீட்டு கேட்டால் என்னிடமே சண்டைக்கு வருவார்கள். கோயிலுக்காக மாதவிடாயைத் தள்ளிப்போடுவதில் ஒருவருக்கும் வெட்கமில்லை. அதே பெண்களில் ஒருத்தி கர்ப்பத்தைத் தள்ளிப்போட மாத்திரை கேட்டால் குரல் இறங்கிவிடும், கண் பின்னால் நிற்கிறவர்களைப் பார்க்கும். "எனக்கில்லைக்கா, தெரிஞ்சவங்களுக்கு" என்பாள்.

ஆண்கள் கதையும் தெரிந்ததுதான். கடை காலியாகிற வரைக்கும் எதிரே நின்று போனை நோண்டிவிட்டு, ஒரு விக்ஸ் டப்பாவும் இரண்டு குரோசினும் வாங்கி, கடைசியில் கையால் காட்டுவார்கள். பேப்பரில் சுற்றி, கறுப்புக் கவரில் போட்டுக் கொடுக்க வேண்டும். முப்பது வயது ஆளுக்கே இந்தப் பாடு என்றால், பதினேழு வயதுப் பையன் அரசு ஆஸ்பத்திரியில் இலவச ஆணுறைப் பெட்டியில் கைவிடுவானா? அந்தப் பெட்டியைப் பெரும்பாலும் எங்கே மாட்டியிருக்கிறார்கள் தெரியுமா? புறநோயாளிகள் வரிசை நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே. வரிசையில் அவன் சித்தி நிற்பாள்.

இதில் பழைய ஆட்கள் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். 1968இல் மத்திய அரசு நிரோத் என்ற ஆணுறைத் திட்டத்தைத் தொடங்கியபோது அதை ஆஸ்பத்திரியோடு நிறுத்தவில்லை. டீத்தூளும் சோப்பும் சிகரெட்டும் விற்கிற பெரிய கம்பெனிகளின் விநியோக வண்டியிலேயே ஏற்றிப் பெட்டிக்கடை வரைக்கும் கொண்டுபோனார்கள். விலை, மூன்று 15 பைசா. வெற்றிலை பாக்கு வாங்குகிற இடத்தில் கேள்வி கேட்க ஆளில்லை, பெயர் எழுத நோட்டும் இல்லை. "நாம் இருவர், நமக்கு இருவர்" என்ற வரி ஞாபகம் இருக்கிறது. இந்தப் பாடத்தை மட்டும் எங்கேயோ தொலைத்துவிட்டோம்.

அப்புறம் அவசரக் கருத்தடை மாத்திரை. லெவோநார்ஜெஸ்ட்ரல் 1.5 மில்லிகிராம், உறவுக்குப் பிறகு 72 மணி நேரத்துக்குள் போட வேண்டியது, எவ்வளவு சீக்கிரம் போடுகிறோமோ அவ்வளவு நல்லது. கருமுட்டை வெளியாவதைத் தள்ளிப்போடும். தங்கிவிட்ட கருவை ஒன்றும் செய்யாது. சீட்டு இல்லாமலே விற்கலாம் என்று மத்திய அரசு 2005இலேயே விதியைத் தளர்த்திவிட்டது. பெங்களூரில் எந்தக் கடையிலும் கிடைக்கும். தமிழ்நாட்டுக் கடைகளில் தேடிப் பாருங்கள். எழுத்தில் தடை எதுவும் கிடையாது, ஆனாலும் சரக்கு வராது. என் ஸ்டாக்கிஸ்ட்டிடம் கேட்டால், "அது நம்ம பக்கம் வராதுக்கா, எதுக்கு வம்பு" என்பதோடு முடித்துக்கொள்வார். யார் வம்பு, என்ன வம்பு என்று அவருக்கும் தெரியாது. பெங்களூர் போகிறவர்களிடம் சொல்லி வாங்கி வருகிறவர்கள் இருக்கிறார்கள். கையில் காசும் பெங்களூரில் தோழியும் இருக்கிறவளுக்கு அது சரி. மில் விடுதியில் இருக்கிற பெண் என்ன செய்வாள்? மாதம் தவறியதும் முதலில் டெஸ்ட் கார்டு, பிறகு கலைக்கிற மாத்திரையை எங்காவது கள்ளத்தனமாக வாங்கப் பார்ப்பாள். சாதாரண மாத்திரை கிடைக்காத இடத்தில் ஆபத்தான மாத்திரைக்குத்தான் தேவை கூடும்.

வெளிநாட்டு உதாரணம் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், பரவாயில்லை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் 2009இல் தனியார் அறக்கட்டளைப் பணத்தில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். கருப்பைக்குள் வைக்கிற சாதனமும் கைத் தோலுக்கடியில் பொருத்துகிற இம்பிளான்ட்டும் வசதி குறைந்த பெண்களுக்கு இலவசம். ஐந்தாறு வருஷத்தில் பதின்வயதுப் பிரசவங்களும் கருக்கலைப்புகளும் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. நியாயமாகச் சொல்ல வேண்டுமென்றால், அந்த வருஷங்களில் அமெரிக்கா முழுக்கவே பதின்வயதுப் பிரசவம் குறைந்துகொண்டுதான் இருந்தது. எல்லாப் புகழையும் இந்தத் திட்டத்துக்கே எழுதிவிட முடியாது. ஆனாலும் கொடுத்ததால் கர்ப்பம் கூடியது என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

எனக்கு அதைவிட இங்கிலாந்துதான் முக்கியமாகப் படுகிறது. அங்கே 1974இலிருந்தே கருத்தடை இலவசம். அப்படியும் 1998இல் 18 வயதுக்குக் குறைந்த பெண்களில் ஆயிரத்துக்கு 47 பேர் அளவில் கருத்தரித்தார்கள். ஆக, இலவசம் மட்டும் போதவில்லை. 1999இல் அரசு தனித் திட்டம் போட்டது. பள்ளியில் பாடம், இளைஞர்களுக்கென்று கிளினிக், விகிதம் அதிகமுள்ள ஊர்களில் கூடுதல் வேலை. 2018இல் அது ஆயிரத்துக்கு 17க்கும் கீழே வந்துவிட்டது. இதற்கு அடித்தளமாக 1985 தீர்ப்பு ஒன்று இருக்கிறது. விக்டோரியா கில்லிக் என்ற பத்துப் பிள்ளைகளின் தாய், தனக்குத் தெரியாமல் 16 வயதுக்குக் குறைந்த தன் பெண்களுக்கு டாக்டர் கருத்தடை ஆலோசனை தரக் கூடாது என்று வழக்குப் போட்டார். அன்றைக்கு அங்கே உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் மறுத்தது. விஷயத்தைப் புரிந்துகொள்ளும் பக்குவம் அந்தப் பெண்ணுக்கு இருக்கிறது என்று டாக்டருக்குத் தோன்றினால், ஆலோசனையும் மருந்தும் தரலாம். வீட்டுக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. ஒரு தாயாக எனக்கு கில்லிக்கின் பதற்றம் நன்றாகவே புரிகிறது. ஆனாலும் தீர்ப்பின் பக்கம்தான் நிற்பேன். எனக்குத் தெரிந்துவிடும் என்ற பயத்தில் என் பெண் டாக்டரிடம் போகாமலிருந்தால் அதில் எனக்கு என்ன லாபம்?

இங்கே நிலைமை தலைகீழ். 2012இல் போக்சோ சட்டம் வந்தபோது சம்மத வயது 18 ஆனது. 18க்குக் கீழே என்றால் விரும்பிப் பழகினார்களா என்ற கேள்வியே இல்லை. விஷயம் தெரியவந்தால் டாக்டர் போலீசுக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் அவருக்கே ஆறு மாதம் வரை சிறை. குழந்தைகளைச் சீரழிக்கிறவர்களுக்கு இந்தச் சட்டம் கட்டாயம் வேண்டும், அதில் எனக்கு இரண்டாவது பேச்சு இல்லை. ஆனால் 17 வயதுப் பெண்ணும் 19 வயதுப் பையனும் கோயிலில் தாலி கட்டிக்கொண்ட கதையிலும் அதே கம்பிதான். மாசமானதும் "பிக்மி நம்பர் போட்டாச்சா?" என்று கேட்பார்கள், அதாவது கர்ப்பத்தை அரசிடம் பதிந்து வாங்குகிற எண். போடப் போனால் ஆதாரில் பிறந்த தேதி தெரியும், தெரிந்தால் ஸ்டேஷன், ஸ்டேஷன் என்றால் புருஷன் உள்ளே. அதனால் நாலு மாதம், ஐந்து மாதம் என்று மறைத்து வைக்கிறார்கள். இரும்புச் சத்து மாத்திரையும் பிபி பார்ப்பதும் மிக அவசியமான வயதில், அவள் ஆஸ்பத்திரி வாசலையே மிதிப்பதில்லை.

2019இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி. பார்த்திபன், 16 வயதுக்கு மேற்பட்டவர்களின் விருப்ப உறவைப் போக்சோவிலிருந்து பிரித்துப் பார்க்கலாம் என்று யோசனை சொன்னார். 2022 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம், கருக்கலைப்புக்கு வரும் சிறுமியும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் போலீசுக்குப் போகும் தகவலில் டாக்டர் அவள் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் இது வயிற்றில் வந்த பிறகு. வருவதற்கு முன்னால், கருத்தடை கேட்டு வருகிறவளுக்கு இதே மறைப்பை யார் தருவது?

"கொடுத்தால் பிள்ளைகள் கெட்டுப்போகும்" என்று கீழே கமெண்ட் வரும், தெரியும். இதே ஊரில் ஒரு காலத்தில் நாப்கினையும் பேப்பரில் சுற்றித்தான் விற்றோம். 2011இல் புதுயுகம் திட்டம் வந்தது, பள்ளிக்கூடத்திலேயே இலவசமாகக் கொடுத்தார்கள். இன்றைக்கு ஒன்பதாம் வகுப்புப் பெண் என் கடையில் பிராண்ட் பெயர் சொல்லிக் கேட்கிறாள். அரசு மனது வைத்தால் ஒரு தலைமுறையின் கூச்சத்தையே மாற்ற முடியும் என்பதற்கு நம்மிடமே சாட்சி இருக்கிறது.

சரி, அதுவரைக்கும் ஒரு உபயோகமான தகவல். இதைப் படிக்கிறவர்கள் வீட்டில் புதிதாகக் கல்யாணமான பெண் இருந்தால் சொல்லுங்கள். அந்தரா ஊசி மூன்று மாதத்துக்கு ஒருமுறை. சாயா மாத்திரை முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன் பிறகு வாரத்துக்கு ஒன்று. ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தப் பெயரைச் சொல்லியே கேட்கலாம், உடம்புக்கு எது ஒத்துவரும் என்று டாக்டர் பார்த்துச் சொல்வார். "முதல்ல ஒண்ணு பெத்துக்கோ, அப்புறம் பார்க்கலாம்" என்றால் நகராதீர்கள், குழந்தை இல்லாதவர்களுக்கும் தரலாம். புருஷன் கையெழுத்து வேண்டும் என்றால், எந்த விதியில் இருக்கிறது என்று கேளுங்கள். அப்படி ஒரு விதி இல்லை.