ஜெய்சல்மர் குவார்ட்டர்ஸ்ல இருந்த அம்மாக்களையும் எழுதுங்க

ராஜஸ்தான் ஜெய்சல்மர் ராணுவக் குடியிருப்புல வாழ்ந்தவங்களோட நினைவுகளைச் சொன்ன கட்டுரையைப் படிச்சதும் மனசு அங்கயே போயிருச்சு, எங்கப்பாவும் அங்கதான் போஸ்டிங், நாங்க உசிலம்பட்டி பக்கம். மே மாசம் 45 டிகிரிக்கு மேல போகும், ஆந்தின்னு ஒரு புழுதிக்காத்து அடிச்சுச்சுன்னா கதவு இடுக்குல ஈரத்துணியைச் சொருகி வச்சாலும் சோத்துல மண்ணு நறநறங்கும், ஆனா டிசம்பர் ராத்திரி ரஜாய்ங்கிற பஞ்சுப் போர்வை இல்லாம படுக்கவே முடியாது.

கோட்டை, மணல்மேடு, 1971 சண்டை நடந்த லோங்கேவாலா, எல்லைப் பக்கத்துத் தனோட் கோயில் எல்லாம் கட்டுரையில வந்திருக்கு, சந்தோஷம். ஆனா அம்மாக்களைப் பத்தி ஒரு வரி இல்லையே. அப்பா எக்சர்சைஸ்னு ராணுவப் பயிற்சிக்குப் போயிட்டா எப்ப வருவாருன்னு தெரியாது, எங்கம்மா இந்தி தெரியாம வந்து, பக்கத்து வீட்டு ராஜஸ்தானி அக்காகிட்ட கேர் சாங்ரிங்கிற அந்த ஊரு காய்க்கறி சமைக்கக் கத்துக்கிட்டு, அவங்களுக்குப் புளிக்கொழம்பு சொல்லிக்கொடுத்தாங்க. 1998 மே 11 பொக்ரான்ல அணுகுண்டு சோதனை நடந்தப்ப ஊர்ல அம்மாச்சி டிவில பாத்துப் பதறிப்போயி எஸ்டிடி பூத்துல நின்னு போன் போட்டுக்கிட்டே இருந்துச்சாம், லைன் கெடைக்கவே இல்ல. பொக்ரான் எங்களுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல தள்ளி, அது அம்மாச்சிக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பொம்பளைங்க தைரியம் சாதாரணம் இல்லைங்க. மதுரை, தேனி பக்கத்துலேருந்து அப்ப அங்க இருந்த குடும்பம் யாராச்சும் இதைப் படிச்சா உங்க அம்மா கதையையும் இங்க எழுதுங்க, எங்கம்மாவுக்கு வாசிச்சுக் காட்டணும்.