பயோஷாக்கில் சிறுமிகளைக் கொன்றே ஆக வேண்டுமா?

"பயோஷாக் கேமில் சிறுமிகளைச் சுட்டுக் கொன்றால்தான் அடுத்த கட்டத்துக்குப் போக முடியும்" என்று ஒரு ஃபார்வர்டு சுற்றுகிறது. தவறு.

2007இல் வந்த இந்த விளையாட்டில், ராப்சர் என்ற கடலடி நகரில் 'லிட்டில் சிஸ்டர்' சிறுமிகள் வருவது உண்மைதான். ஆனால் தோட்டா அவர்களை ஒன்றும் செய்யாது. காவலுக்கு நிற்கும் 'பிக் டாடி'யை வீழ்த்தியதும், சிறுமியைக் காப்பாற்றுவதா, அவள் உடலில் உள்ள 'ஆடம்' என்ற பொருளுக்காகப் பலியிடுவதா என்று கேட்கும். எல்லோரையும் காப்பாற்றியே ஆட்டத்தை முடிக்கலாம். கதையின் நல்ல முடிவும் அப்போது கிடைக்கும். பலியிடும் கணம் திரையில் காட்டப்படுவதும் இல்லை.

சரி, குழந்தைகள் ஆடலாமா? கூடாது. ரத்தமும் வன்முறையும் ஏராளம். வீடியோ கேம்களுக்கு வயதுத் தரம் வழங்கும் அமெரிக்காவின் இஎஸ்ஆர்பி அமைப்பு, 17 வயதும் அதற்கு மேலும் ஆனோருக்கு என்றே தரமிட்டிருக்கிறது. அதன் இணையதளத்தில் விளையாட்டின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அந்த ஃபார்வர்டை மேற்கொண்டு அனுப்ப வேண்டாம்.