லிங்கன் சொன்ன கணக்கு

"யார்மீதும் பகை வேண்டாம், எல்லோரிடமும் அன்பு" என்று லிங்கன் படத்தோடு ஒரு வாசகம் அடிக்கடி வலம் வருகிறது. 1865 மார்ச் 4 அன்று, இரண்டாம் முறை அமெரிக்க அதிபராகப் பதவியேற்றபோது அவர் ஆற்றிய உரையின் கடைசிப் பத்தி அது. நல்ல வரிதான், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முந்தைய மூன்றாவது பத்தியை விட்டுவிட்டு இதை மட்டும் படித்தால், "சரி விடுங்கப்பா, நடந்தது நடந்துபோச்சு" என்று சமாதானம் பேசும் நாட்டாமை மாதிரித் தெரிவார். அந்த மனிதர் அன்றைக்குப் பேசியது அதுவல்ல.

நிலவரத்தைப் பாருங்கள். அடிமைமுறையை விடாத தென்மாநிலங்கள் பிரிந்துபோக, வடக்கோடு நான்கு வருட உள்நாட்டுப் போர், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட சாவு. வடக்கு ஜெயிக்கப்போவது உறுதி. அடுத்த மாதமே தென்படைத் தளபதி லீ சரணடைந்துவிட்டார். காலையில் பெய்த மழையில் வாஷிங்டன் தெருவெல்லாம் சேறு. அதில் நின்றுகொண்டிருந்த கூட்டம் வெற்றி முழக்கம் கேட்கத்தான் வந்திருக்கும். (துணை அதிபர் ஆண்ட்ரூ ஜான்சன் விஸ்கி போட்டுவிட்டு வந்து செனட் சபைக்குள் உளறிக்கொட்டியது தனிக்கதை. அவரிடம் பிறகு வருகிறேன்.)

லிங்கன் பேசியது சுமார் எழுநூறு வார்த்தைகள். நாட்டின் ஜனத்தொகையில் எட்டில் ஒரு பங்கு அடிமைகள், போருக்குக் காரணமே அதுதான் என்பது எல்லோருக்கும் தெரியும் என்றார். ஆனால் பழியைத் தெற்கின் தலையில் மட்டும் போடவில்லை. "அமெரிக்க அடிமைமுறை" என்றே சொன்னார். இந்தப் போர் கடவுள் வடக்கு தெற்கு இரண்டுக்கும் சேர்த்துக் கொடுத்த தண்டனையாக இருக்கலாம் என்றார். வேதாகமம் படித்தவர்களுக்கு "இடறல்களினிமித்தம் உலகத்துக்கு ஐயோ" என்ற வசனம் நினைவிருக்கும், அதைத்தான் எடுத்துவைத்தார்.

அப்புறம் வருகிறது அந்தக் கணக்கு. 250 வருடம் கூலியில்லாமல் உழைத்து அடிமைகள் குவித்த செல்வமெல்லாம் கரையும்வரை, சாட்டை எடுத்த ஒவ்வொரு துளி ரத்தத்துக்கும் வாள் ஒரு துளி எடுக்கும்வரை இந்தப் போர் நடக்கவேண்டும் என்பது கடவுள் சித்தமானால், அதுவும் நியாயமான தீர்ப்புதான் என்றார். மகனைப் போரில் பறிகொடுத்த தாய்மார்களும் இதைப் பத்திரிகையில் படித்திருப்பார்கள். ஜெயிக்கிற நேரத்தில் தன் பக்கத்து ஜனங்களைப் பார்த்து "நமக்கும் இதில் பங்குண்டு" என்று சொன்ன போர்க்காலத் தலைவர் வேறு யாரையும் எனக்குத் தெரியாது. அவருடைய புகழ்பெற்ற கெட்டிஸ்பர்க் உரையைவிட இதை நான் மேலாக வைப்பதற்குக் காரணம் இதுதான்.

இந்த இடத்துக்கு அவர் ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1862 ஏப்ரலில் வாஷிங்டன் நகரில் அடிமைமுறையை ஒழித்த சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். ஒரு அடிமைக்கு 300 டாலர்வரை நஷ்டஈடு, அதுவும் முதலாளிக்கு. விடுதலையானவருக்கு? நாட்டைவிட்டுப் போக விரும்பினால் 100 டாலர்வரை கொடுக்கலாம், அவ்வளவுதான். அதே வருட ஆகஸ்டில் பத்திரிகையாசிரியர் ஹொரேஸ் க்ரீலிக்கு எழுதிய கடிதத்தில், ஒரு அடிமையையும் விடுவிக்காமல், நாடு பிரியாமல் ஒன்றியத்தைக் காப்பாற்ற முடிந்தால் அப்படியே செய்வேன் என்றார். அதைக் காட்டி "லிங்கனுக்கு அடிமைகள்மேல் அக்கறையே இல்லை" என்று வாதிடுபவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கடிதத்துக்கு ஒரு மாதம் முன்பே கிளர்ச்சி மாநிலங்களின் அடிமைகளை விடுவிக்கும் விடுதலைப் பிரகடனத்தின் வரைவை அமைச்சரவையில் வாசித்துவிட்டு, ஒரு போர்க்கள வெற்றிக்காகத்தான் அவர் காத்திருந்தார் என்பதை மட்டும் சொல்லமாட்டார்கள்.

அதற்காக அவரைச் சாமியாக்கவும் எனக்கு மனமில்லை. இந்த உரைக்கு ஒரு மாதம் முன்னால்கூட, அடிமை மாநிலங்களுக்கு 40 கோடி டாலர் கொடுக்க ஒரு திட்டம் எழுதி அமைச்சரவையில் வைத்தார். எல்லோரும் எதிர்த்ததால் மடித்துவைத்துவிட்டார். கூலியில்லா உழைப்பைப் பற்றி அப்படிப் பேசியவர், உழைத்தவர்களுக்கு என்ன தரவேண்டும் என்று அந்த மேடையில் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. எனக்கு உறுத்துவது அதுதான்.

அன்று மாலை வெள்ளை மாளிகை வரவேற்புக்குப் போன ஃபிரெடரிக் டக்ளஸைக் காவலர்கள் வாசலிலேயே மறித்தார்கள். அடிமைமுறை ஒழிப்புக்காகப் போராடிய முன்னாள் அடிமை, கறுப்பர். தகவல் போனபிறகுதான் உள்ளே விட்டார்கள். உரை எப்படி இருந்தது என்று லிங்கன் விடாமல் கேட்க, "அது ஒரு புனிதமான முயற்சி" என்றார் டக்ளஸ். லிங்கனோ சில நாள் கழித்து, இது நீண்டநாள் நிற்கும், ஆனால் இப்போதைக்கு ஜனங்களுக்குப் பிடிக்காது என்று ஒரு கடிதத்தில் எழுதினார். ஆறு வாரம்கூட ஆகவில்லை, சுட்டுவிட்டார்கள்.

அடுத்து வந்தவர் அதே ஆண்ட்ரூ ஜான்சன். தென்கரோலினா முதல் ஃபுளோரிடாவரை கடலோரத்தில் விடுதலையானவர்களுக்கு 40 ஏக்கர்வரை பிரித்துக்கொடுக்க ராணுவத் தளபதி ஷெர்மன் ஜனவரியில் போட்ட உத்தரவை, அந்த வருடம் முடிவதற்குள் தலைகீழாக்கினார். கிளர்ச்சி செய்த பண்ணை முதலாளிகளுக்கு மன்னிப்பு கிடைத்தது, நிலமும் திரும்பக் கிடைத்தது. அதில் விதைத்திருந்தவர்களை வெளியே போகச் சொன்னார்கள்.