ஹுலாகு வருவதற்கு முன்பே முடிந்துபோன பேரரசு

ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் நடந்ததை நண்பர்கள் அறிவீர்கள். காணொளியும் வேண்டிய அளவு சுற்றிவிட்டது. "1258-இல் மங்கோலியர் வந்தார்கள், அப்பாசியப் பேரரசு அழிந்தது" என்று பேச்சாளர் முழங்கியபோது எழுந்து ஒரு திருத்தம் சொன்னேன். பாதியிலேயே ஒலிவாங்கியைப் பிடுங்கிக்கொண்டார்கள். போகட்டும். சொல்ல வந்ததை இங்கேயாவது முழுதாகச் சொல்லிவிடுகிறேன்: மங்கோலியத் தலைவன் ஹுலாகு பாக்தாதை நெருங்குவதற்கு மூன்று நூற்றாண்டுகள் முன்பே, கலீஃபா எனப்பட்ட இஸ்லாமியத் தலைவர்கள் ஆண்ட அந்தப் பேரரசு முடிந்துவிட்டது. அதை முடித்தவை ஊதிய பாக்கி கேட்ட சொந்தப் படையும் காலியான கருவூலமும்தான்.

750-இல் ஸாப் ஆற்றங்கரையில் அப்பாசியர் தமக்கு முன் ஆண்ட உமய்யாக்களை முறியடித்ததும், 762-இல் கலீஃபா மன்சூர் பாக்தாதை நிறுவியதும் எல்லோருக்கும் தெரியும். ஹாரூன் அல்-ரஷீதின் பெயரைச் சொன்னால் கைதட்டலும் கிடைக்கும். கைதட்டல் கிடைக்காத பகுதி சாமர்ராவில் தொடங்குகிறது. 836-இல் கலீஃபா முஅதஸிம் தம் துருக்கியப் படையோடு தலைநகரை அங்கே மாற்றினார். 861-இல் அவர் மகனான கலீஃபா முதவக்கிலை அந்தப் படையினரே வெட்டிக் கொன்றார்கள். அடுத்த ஒன்பது ஆண்டுகளில் நான்கு கலீஃபாக்கள். அவர்களில் ஒருவரான முஅதஸ்ஸிடம் வீரர்கள் 50,000 தீனார் பொற்காசு கேட்டார்கள். அவரிடம் இல்லை, தாயார் கபீஹாவிடம் கேட்டால், அவரும் கையை விரித்துவிட்டார். 869-இல் மகன் உணவும் நீருமின்றி அடைபட்டு மாண்ட பிறகு, அந்த அம்மையார் ஒளித்துவைத்திருந்த பொன் வெளியே வந்தது; கேட்ட தொகையைப்போல் பல மடங்கு.

முதுகலை படித்தபோது இதையே விடைத்தாளில் எழுதினேன். "மங்கோலியப் படையெடுப்பு எங்கே?" என்று ஓரத்தில் சிவப்பு மையால் எழுதிப் பாதி மதிப்பெண்ணை வெட்டினார்கள். இத்தனை காலத்துக்குப் பிறகும் அதே கேள்விதான் வருகிறது என்பதில் எனக்கு வருத்தம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

"அப்படியானால் ஹுலாகு உத்தமனா?" என்று கேட்கிறார்கள். கொலைகாரன்தான், பாக்தாதின் கடைசிக் கலீஃபா முஸ்தஅஸிமையும் கணக்கற்ற மக்களையும் கொன்றவன்தான். யார் மறுத்தார்கள்? பிற்காலக் கலீஃபா அல்-நாசிர் அதிகாரத்தை மீட்டாரே என்று விவரம் தெரிந்த சிலர் நீட்டுவார்கள். மீட்டார், ஈராக்கின் எல்லைக்குள். அதற்குப் பெயர் பேரரசா? அப்பாசியரின் பொற்காலத்தை இழிவுபடுத்துகிறேன் என்று ஒரு தரப்பும், மங்கோலியருக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று மறு தரப்பும் ஏசுவதைப் பார்த்தால், மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது எவ்வளவு உண்மை என்று புரிகிறது. தேதியைச் சொன்னவனுக்கே இந்தக் கதி.

பாக்தாதுக்குக் கிழக்கே வயல்களை வாழவைத்த நஹ்ரவான் கால்வாயின் கரையை உடைத்தவர் யார்? கலீஃபாவின் பெயரால் ஆண்ட தளபதி இப்னு ராயிக். போட்டியாளரான பஜ்கமைத் தடுப்பதற்காக, ஊருக்குச் சோறு போட்ட வாய்க்காலையே வெட்டிவிட்டார். அப்படியும் 938-இல் பஜ்கம் நகருக்குள் நுழைந்துவிட்டார். வயல் போனால் வரி போகும், வரி போனால் ஊதியம் போகும், ஊதியம் போனால் கலீஃபா போவார். இதற்கு வெளிநாட்டு வில்லன் தேவையில்லை என்பதுதான் நம் மேடைகளுக்குப் பிடிக்காத செய்தி.

946-இல் கையை முத்தமிட வருபவர்கள்போல் வந்த இரண்டு தைலமி (வட ஈரானிய மலைநாட்டு) வீரர்கள், கலீஃபா முஸ்தக்ஃபியை அரியணையிலிருந்து கீழே இழுத்துப்போட்டார்கள். பின்னர் அவருடைய கண்பார்வையும் பறிக்கப்பட்டது. அவர்களை ஏவியவர், ஈரானிலிருந்து வந்து பாக்தாதைப் பிடித்திருந்த பூயீ குலத்தின் தலைவர் முஇஸ்ஸுத் தவ்லா. அந்தப் பட்டத்தைச் சில வாரங்களுக்கு முன் அவருக்குச் சூட்டியவரே முஸ்தக்ஃபிதான். இதில் மங்கோலியரை நான் எங்கே போய்த் தேடுவது?