நெர்வாவின் பித்தளைக் காசுகள்

உரோம நாணயம் என்றாலே நம்மிடையே பேச்சு புதுக்கோட்டையிலும் கரூரிலும் கிடைத்த தங்கம், வெள்ளிக் காசுகளை நோக்கிப் போய்விடுகிறது. ஆனால் பேரரசர்கள் தம் குடிமக்களிடம் என்ன சொல்ல விரும்பினார்கள் என்பதை அறிய, அன்றாடச் செலவில் புழங்கிய வெண்கலக் காசுகளே நல்ல சான்று என்பது என் கருத்து. அவற்றுள் பெரியதான செஸ்டர்டியஸ் (உண்மையில் அது பித்தளை, வெண்கலம் என்பது பழகிப்போன பொதுப்பெயர்) ஏறத்தாழ 25 கிராம் எடையுடன், உருவங்களை விரிவாகப் பொறிப்பதற்குப் போதிய அகலமும் கொண்டது.

யூதர்களின் எருசலேம் உரோமரிடம் வீழ்ந்த மறு ஆண்டான கி.பி. 71-இல் பேரரசர் வெஸ்பாசியன் வெளியிட்ட காசில், பேரீச்ச மரத்தடியில் யூதப் பெண்ணொருத்தி தலையைக் கையில் தாங்கித் துயருடன் அமர்ந்திருக்கிறாள். யூதர்கள் தம் ஆலயத்துக்குச் செலுத்திவந்த ஆண்டு வரியும் யூப்பிட்டர் கோயிலுக்கென்று திருப்பப்பட்டது. அவருடைய மகனும் நெர்வாவுக்கு முன் ஆண்டவருமான டொமிஷியன் காலத்தில் அந்த வசூல் எவ்வளவு கடுமையாக நடந்தது என்பதற்கு, தொண்ணூறு வயது முதியவர் ஒருவர் விருத்தசேதனம் செய்துகொண்டவரா என்று கூட்டத்தின் நடுவே சோதிக்கப்பட்டதை இளம் வயதில் நேரில் கண்ட உரோம வரலாற்றாசிரியர் சுவெட்டோனியஸின் குறிப்பே போதும். டொமிஷியன் கொல்லப்பட்டபின் 96-இல் ஆட்சிக்கு வந்த பேரரசர் நெர்வா அதே பேரீச்ச மரத்தைப் பொறித்து, யூத வரியின் பெயரால் நடந்த பொய்க் குற்றச்சாட்டுகள் ஒழிக்கப்பட்டன என்று சுற்றிலும் எழுதச் செய்தார். மரத்தடியில் இப்போது யாரும் இல்லை. வரியே ஒழிந்துவிட்டதாக இதைப் படிப்பது சரியன்று, அது தொடர்ந்து வசூலிக்கப்பட்டது.

எனக்கு மிகவும் பிடித்தது அவருடைய கோவேறு கழுதைக் காசு. இரண்டு கழுதைகள் ஆளுக்கொரு பக்கமாகத் திரும்பி மேய்கின்றன. பின்னால் அவிழ்த்துவிட்ட வண்டியின் ஏர்க்கால் தெரிகிறது. அரசாங்கத் தபால் போக்குவரத்துக்கு விலங்கும் வண்டியும் கொடுக்கும் சுமையிலிருந்து இத்தாலிய ஊர்கள் விடுவிக்கப்பட்ட செய்தியை, எழுத்தறியாதவருக்கும் புரியும்படி இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

இப்படி ஒரு குறிப்பிட்ட சலுகையை அறிவிக்கும் காசை நான் பெரும்பாலும் நம்புவேன். பொதுவான நற்பண்பைப் பறைசாற்றும் காசைக் கண்டால்தான் ஐயம் வருகிறது. இதே நெர்வா, இரு கைகள் பற்றிக்கொண்ட உருவத்துடன் ‘படைகளின் ஒற்றுமை’ என்றும் காசு அடித்தார். 97-இல் அவருடைய மெய்க்காவல் படையே அரண்மனையை முற்றுகையிட்டு, டொமிஷியனைக் கொன்றவர்களைத் தங்களிடம் ஒப்படைக்கச் செய்தது. நெர்வா அந்த வீரர்களுக்கு வெளிப்படையாக நன்றியும் சொல்ல நேர்ந்தது. ஜெர்மானிய எல்லையில் படைபலத்துடன் இருந்த டிராஜனைத் தத்தெடுத்த பிறகே அவருடைய அரியணை நிலைத்தது.