நாடாப்புழு பன்றிக்கறி சாப்பிடுவோரோடு நிற்பதில்லை
பன்றிக்கறி அதிகம் புழங்காத டெல்டாவில் நாடாப்புழு பெரிய பிரச்சினை இல்லை, மலப் பரிசோதனையிலும் குறைவாகத்தான் தெரிகிறது என்று கட்டுரை சொல்வதை ஏற்கவே முடியவில்லை. வேகாத கறியால் வருவது குடலில் வளரும் புழு. மூளையில் கட்டியாகி வலிப்பைக் கொண்டுவருவதோ அந்தப் புழு உள்ளவரின் மலத்தில் வெளியேறும் முட்டை. வாய்க்கால் கரையில் மலம் கழித்து, அதே தண்ணீரில் கீரைக்கட்டை அலசி கும்பகோணம் சந்தைக்கு அனுப்பினால் கறியே தொடாதவர் வயிற்றுக்கும் அது போய்ச் சேரும். வேகவைத்த கீரையில் பயமில்லை, சட்னிக்குப் பச்சையாக அரைக்கும் கொத்தமல்லி, புதினாவில்தான் ஆபத்து. அதைவிட மோசம், புழு உள்ளவர் கை கழுவாமல் வீட்டில் பரிமாறுவது. பரிசோதனை விஷயம்: முட்டை தினமும் வெளிவராது, ஒரே ஒரு முறை எடுத்த மலத்தை நுண்ணோக்கியில் பார்த்தால் பலர் தப்பிவிடுவார்கள், அது பன்றிப் புழுவா மாட்டுப் புழுவா என்று முட்டையைப் பார்த்துச் சொல்லவும் முடியாது. பள்ளியில் தரும் குடற்புழு மாத்திரையே போதும் என்று மேலே எழுதிய வாசகருக்கு: அது அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரே வேளை, உருண்டைப்புழு, கொக்கிப்புழுவுக்கானது. நாடாப்புழுவுக்கு அதே அளவு தொடர்ந்து 3 நாள் வேண்டும், அல்லது பெரியவர்களுக்கு நிக்ளோசமைடு 2 கிராம் ஒரே வேளை. நிக்ளோசமைடு ரத்தத்தில் பெரிதாகச் சேராது. ஆனால் நாடாப்புழுவுக்கான இன்னொரு மருந்தான பிரசிகுவாண்டல் மூளை வரை போகும், வலிப்போ தீராத தலைவலியோ உள்ளவருக்கு மருத்துவர் பார்க்காமல் கொடுத்தால் கட்டியைச் சுற்றி வீங்கி வலிப்பையே கிளப்பிவிடும்.