வெறும் அசெம்பிளி போதாதுங்க
"இங்கயே அசெம்பிள் பண்ணா அது உள்நாட்டு கார்தான்"னு கட்டுரைல முடிச்சிட்டீங்க, என்னால ஏத்துக்க முடியலங்க. 2022ல உக்ரைன் போர் ஆரம்பிச்சதும் ஜெர்மனில ஃபோக்ஸ்வேகன், பிஎம்டபிள்யூ பிளான்ட்லாம் நின்னுச்சே, எதனால? எஞ்சின் இல்லாம இல்ல, உக்ரைன்லேர்ந்து வர வேண்டிய வயரிங் ஹார்னஸ், அதாவது கார் முழுக்க கரண்ட் கொண்டுபோற வயர் கட்டு, வரல! ஒவ்வொரு வயரா போர்டுல இழுத்து வச்சு கையாலயே டேப் சுத்துற வேலை அது, மெஷினுக்கு லேசுல வராது, அதான் கூலி கம்மியான நாடா பாத்து ஆர்டர் குடுத்துடுறாங்க. எல்லாத்தையும் ஒரே நாட்டுல செய்யணும்னு சொல்லல, அது நடக்காது. ஆனா ஹார்னஸ், சிப் மாதிரி, ஒண்ணு வரலன்னா லைனே நின்னுடுற பார்ட்டுக்காவது சொந்த நாட்டுல இன்னொரு சப்ளையர் கட்டாயம் வேணும். அப்புறம் அமெரிக்கால 1994லேர்ந்து புது கார் ஸ்டிக்கர்லயே அமெரிக்கா கனடா பார்ட்ஸ் எத்தனை சதவீதம், எஞ்சின் எந்த நாடுன்னு போட்டாகணும், அதை மத்த நாடுகளும் செய்யட்டும், வாங்குறவனுக்கு தெரியணும்ல.